மாதாவுக்குச் சைபர் போட்டவன்

எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்புக்கு மட்டும் எந்தக் கொம்பனியும் காப்புறுதி தருவதில்லை. தந்திருந்தால் முதல் ஆளாக நான்தான் எடுத்திருப்பேன்.

சின்ன லொறி ஒன்று வாங்கிச் சாமான் ஏற்றும் தொழிலைத் தொடங்கிய புதிது. லொறியின் இரண்டு பக்கமும் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுவித்திருந்தேன். (ஓட்டம் சிறிது, எழுத்துப் பெரிது என்பாள் என் மனைவி நிர்மலா.) அந்தச் சமயத்தில்தான் புலம்பெயர்ந்து வந்து நோபல் பார்க்கில் இருக்கும் எங்கள் மன்னார் ஆட்கள் ஊரில் ஒரு மாதா சொரூபம் செய்வித்தார்கள். அது கப்பலில் வந்து, பக்கத்து டண்டினோங்கில் ஒரு சாமான் கிடங்கில் இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை திருவிழா. சனிக்கிழமை மாதாவை ஏற்றி வரும் பொறுப்பைத் திருவிழாத் தலைவர் சவிரி அங்கிள் என்னிடம் தந்தார்.

கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. ஏற்றுகிறவர் தன்னிடம் காப்புறுதி இருக்கிறது என்பதற்கான பத்திரத்தை முன்கூட்டியே அனுப்பவேண்டும். அதில் ஏற்றும் சாமானின் பெறுமதியும் இருக்கவேண்டும். பெறுமதி கேட்க நானும் நிர்மலாவும் அங்கிளின் வீட்டுக்குப் போனோம்.

"மாதாவுக்கு விலை கேக்கிறியோ? வாய் கூசேல்லையோ உனக்கு?"

"இல்லை அங்கிள், தற்செயலா உடைஞ்சால்..."

"உடையிற கதை கதையாதை!" அவர் கதிரையை விட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

"கொஞ்சம் பொறுத்து ஆறுதலாக் கேளுங்கோ" என்றாள் நிர்மலா. பொறுப்பதற்கு எனக்கு நேரம் ஏது? விலையும் சொல்லக்கூடாது, காப்புறுதிக்காரரின் இணையப் படிவத்தில் அந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக்கூடாது. சைபர் போட்டேன். கம்பியூட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டு பத்திரத்தையும் அனுப்பியது. (மெசின் ஏற்றுக்கொண்டால் எல்லாம் சரி என்று நம்பிய காலம்.) அதை அப்படியே கிடங்குக்கு அனுப்பிவிட்டு, ஒரு பெரிய சிக்கலை அவிழ்த்த மிதப்பில் திரிந்தேன்.

சனிக்கிழமை காலை அங்கிள் கோட் சூட்டோடு வந்தார். பின்னால் கார்களில் அன்ரிமார், பூமாலைகள், மாதா பாட்டு. மழை தூறிக்கொண்டிருந்தது. கிடங்கில் இருந்த பெண் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, அந்தச் சைபர் பெட்டியா? அது வெளியே" என்றாள். சொன்னது ஆங்கிலத்தில்தான். ஆனால் விரலால் வட்டம் போட்டும் காட்டியதால் எல்லா அன்ரிமாருக்கும் விளங்கிவிட்டது.

முற்றத்தில், உடைந்த பலகைகளுக்கும் ஒரு பழைய மெத்தைக்கும் நடுவில் மாதாவின் பெட்டி நனைந்துகொண்டு நின்றது. பெறுமதி இல்லாத சாமானை அங்கேதான் ஒதுக்குவார்களாம். திங்கட்கிழமை குப்பை லொறி வருமாம்.

பாட்டு நின்றது.

"ஆர் சைபர் போட்டது?" என்று அங்கிள் கேட்டார். எல்லாரும் லொறியில் இருந்த என் பெயரைப் பார்த்தார்கள்.

பத்திரத்தைத் திருத்தாமல் பெட்டியைத் தரமுடியாது, மதியம் கிடங்கைப் பூட்டிவிடுவோம் என்றாள் அந்தப் பெண். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து இரங்கினாளோ என்னவோ, "இது உடைந்தால் இன்னொன்று செய்ய எவ்வளவு செலவாகும்? அவ்வளவுதான் கேட்கிறோம்" என்றாள். தலை நிமிராமல் மொழிபெயர்த்தேன்.

அங்கிள் நனைந்த பெட்டியில் கையை வைத்தபடி நின்றார்.

"ஊரில சண்டைக்குள்ள எங்கட கோயில் மாதா செல் விழுந்து உடைஞ்சு போனா, தம்பி. துண்டுகளை நான்தான் பொறுக்கினனான். அப்ப ஒருத்தரும் வந்து, என்ன பெறுமதி எண்டு கேக்கேல்லை."

விலை சொல்வது அவருக்குப் பெரிதில்லை. சொன்னால், இந்த மாதாவும் உடையலாம் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். அன்றைக்கு அவர் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் பொறுத்திருந்தால் இதைச் சொல்லியிருப்பார். என் கெட்டித்தனத்தை நினைக்க இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அங்கிள் சிலுவை போட்டுக்கொண்டார். செதுக்கினவருக்குக் கொடுத்தது, பெயின்ற், கப்பல் கூலி என்று கூட்டி ஒரு தொகையைச் சொன்னார். நிர்மலா காப்புறுதிக்காரரைப் போனில் பிடித்தாள். (என் கையில் போனைத் தர ஒருவரும் தயாரில்லை.) புதுப் பத்திரம் வந்ததும், கிடங்குப் பெண் தானே ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து பெட்டியைப் போர்த்தினாள். மாட்டு வண்டி வேகத்தில் நோபல் பார்க் வந்து சேர்ந்தோம். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹோர்ன் அடித்தார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு மாதா வருவது என் லொறியில்தான். வீட்டில் நான் சமைத்தால், "மாதாவுக்கே சைபர் போட்டவர், கறிக்கு உப்புப் போட்டிருப்பாரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள்.

அங்கிளும் திருவிழாவுக்கு முன் தவறாமல் போன் எடுப்பார். இந்த முறையும் எடுத்தார்.

"தம்பி, காப்புறுதியில மாதாவுக்கு விலையைக் கூட்டிப் போட்டனியோ? சாமானெல்லாம் விலை ஏறிப் போச்சு."

"ஓம் அங்கிள்."

"உனக்கு என்ன போட்டிருக்கு?"

"லொறிக்குப் போட்டிருக்கு அங்கிள்."

"லொறியை ஆர் கேட்டது? உன்னைக் கேக்கிறன்."

"சைபர் எண்டு சொல்லுங்கோ!" என்று குசினிக்குள் இருந்து நிர்மலா கத்தினாள்.

அங்கிள் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு, "மெல்லமா ஓட்டு, என்ன?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.