மாமா இருக்க ஒரு கதிரை

நாலாவது காலையும் அறுத்த பிறகும் கதிரை ஆடியது.

சின்னராசா வாளைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். ஒரு கால் கட்டை என்று மற்றக் கால்களை அறுத்தவர், பிறகு அந்தக் கால் நெட்டையாகிவிட்டதென்று அதையும் அறுத்திருந்தார். பழைய சாமான் கடையில் வாங்கும்போது ராசா மாதிரி நின்ற தேக்கங் கதிரை, இப்போது முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

"அப்பா, கதிரையில பிழையில்லை. எங்கட விறாந்தைச் சீமெந்துதான் பள்ளம்" என்றாள் மகள் கீர்த்தனி.

அவர் குனிந்து கால்களைத் திரும்பவும் அளந்தார்.

இது சிரிக்கிற விசயமில்லை. உட்துறைமுக வீதியில் இந்த வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று, மனைவி புவனத்தின் தமையன் பாக்கியரத்தினம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். இருந்த மாத்திரத்தில் கால் முறிந்து நிலத்தில் விழுந்தார். சபை சிரித்துவிட்டது. "வந்தவனுக்கு இருக்க ஒரு கதிரை இல்லாத வீடு" என்று எழும்பித் தன்னுடைய ஊரான கப்பல்துறைக்குப் போனவர்தான், இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கோபம் வந்தால் பாதிப் பேச்சில் எழும்பிப் போவது அவருடைய சுபாவம். போனால் லேசில் திரும்பமாட்டார்.

இப்போது கீர்த்தனிக்குக் கலியாணம். தாய்மாமன் முன்னுக்கு நிற்காமல் மகளை மணவறைக்கு அனுப்பமாட்டேன் என்று புவனம் ஒற்றைக்காலில் நின்றாள். கலியாணச் செலவுக்கு நடுவில் புதுக் கதிரைக்கு எங்கே போவது? எத்தனையோ பேரைத் தூது விட்ட பிறகு, கடைசியில் நாளைக்கு வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார் பாக்கியரத்தினம்.

உயரத்தைக் கூட்ட, சின்னராசா கால்களுக்கு அடியில் கட்டை வைத்து அறைந்தார். ஆணி ஏறியதில் ஒரு கால் வெடித்தது. வெடிப்பைப் பட்டி பூசி அடைத்தார், அது தேமல் மாதிரித் தெரிந்தது. எல்லாம் ஒரே நிறமாகட்டும் என்று கோஸ்டிக் சோடா போட்டுத் தேய்க்க, தேக்கு கரிச்சட்டி நிறத்துக்கு வந்தது.

"இனிப் பெயின்ற்தான்" என்றார்.

இறக்கக்கண்டியில் வள்ளம் வைத்திருக்கும் நௌபர், மிச்சமாய்க் கிடந்த நீலப் பெயின்றைக் காசு வாங்காமல் கொடுத்துவிட்டான். தின்னர் கலக்கச் சொன்னான். தின்னர் விற்கிற விலையில் சின்னராசாவுக்குக் குசினி அடுப்புக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்தான் கண்ணில் பட்டது. பூசி முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாயிருந்தது. பொழுதுபட்டும் பெயின்ற் கையில் ஒட்டியது. நௌபருக்குப் போன் எடுத்தார்.

"மண்ணெண்ணெயா ஊத்தினீங்கள்?"

"ஓம், கொஞ்சந்தான்."

"ஒரு மாசம் வெயில்ல வையுங்கோ" என்றான் நௌபர்.

காலையில், பக்கத்து வீட்டு ரிஸ்லாவிடம் ஒரு கதிரை இரவல் வாங்கிக்கொண்டு சின்னராசா திரும்பியபோது, வாசலில் ஓட்டோ நின்றது. சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்கள். பாக்கியரத்தினத்தின் மனைவி தவமணி வாங்குப் பலகையில் ஓரமாக இருந்தாள். பாக்கியரத்தினம், தும்பைப்பூ வெள்ளை வேட்டியோடு, நீலக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

சின்னராசா இரவல் கதிரையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"மச்சான், இதில வந்து இருங்கோவன்..."

"ஏன்? இதுவும் முறியுமோ?"

அந்த ஒரு கேள்வியோடு பழைய கதை முழுவதும் வெளியே வந்துவிட்டது. சபையில் விழுந்தது, சிரித்தது யார் யார், பிறகு ஒருவரும் தேடி வராதது. குரல் ஏறிக்கொண்டே போனது. புவனம் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். முகம் சிவக்கக் கையை ஊன்றி எழும்பினார் பாக்கியரத்தினம்.

கதிரையும் கூட எழும்பியது.

ஒருவரும் சிரிக்கவில்லை. பாக்கியரத்தினம் ஒரு கணம் அப்படியே குனிந்து நின்றுவிட்டு, கதிரையோடு மெல்லத் திரும்ப இருந்தார்.

போக வழியில்லாத மனிசன் வேறென்ன செய்வது? பேசினார். தான் கோபிக்க, தங்கச்சி அழ, திரும்பவும் தானே பேசினார். பேசப் பேசக் குரல் இறங்கியது. "நீயெண்டாலும் ஒருக்கா வந்திருக்கலாமே, புவனம்" என்றார். புவனம் ஓடிவந்து அவருடைய காலடியில் இருந்துவிட்டாள். தேத்தண்ணி வந்தது, குடித்தார். மத்தியானச் சோற்றையும் மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். கீர்த்தனியைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து, "மாமா வராமல் உனக்குக் கலியாணமோ?" என்றார்.

சின்னராசாவின் கண்ணும் நிறைந்தது. ஆனாலும் பார்வை நீலக் கதிரையிலேயே நின்றது. மச்சான் எழும்பத்தானே வேண்டும்? எழும்பினால் வேட்டி கதிரையோடு நிற்கும். மறுபடி அவமானம், மறுபடி கப்பல்துறை.

வெளியே ஓட்டோ திரும்பி வந்து ஹோர்ன் அடித்தது. மச்சான் மாற்றிக் கட்டத் தன்னுடைய சாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், சின்னராசா தவமணியிடம் நீட்டினார்.

"மச்சாள், பெரிய பிழை நடந்துபோச்சு. பெயின்ற் காயேல்லை. நான் வந்து சொல்ல முதல் அவர் இருந்திட்டார்."

தவமணி சாரத்தை வாங்கி உதறினாள்.

"அவருக்குத் தெரியும். நான் தொட்டுப் பாத்து, ஈரம், இருக்காதையுங்கோ எண்டனான். 'நல்லதாப் போச்சு, இண்டைக்கெண்டாலும் கோவத்தில எழும்பிப் போக ஏலாது' எண்டு சொல்லிப்போட்டுத்தான் இருந்தவர்."