சீல் ஐயா எழுதிய மதிப்பீடு

ஊவா மாகாணத்திலேயே கணினித் திரைக்கு சீல் குத்தப் போன ஒரே மனிதர் எங்கள் சீல் ஐயாதான். வேறு எவராவது இருந்தால் எழுதுங்கள், தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டளவில், பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் அவர் எழுத்தர்களுக்கெல்லாம் மேலான பிரதம லிகிதர். யாழ்ப்பாணத்துக்காரர். நான் புதிதாகச் சேர்ந்த லிகிதர். எந்தக் கடதாசி வந்தாலும் 'கிடைத்தது' என்று சீல் குத்தி, திகதி போட்டு, கையொப்பமிட்ட பிறகுதான் வாசிப்பார். கல்யாணக் கார்டுக்கும் அதே மரியாதை.

அந்த வருடம் எங்களுக்குப் புதுமாதிரிப் பயிற்சி ஒன்று வந்தது. சனிக்கிழமை வகுப்பு, மற்ற நாட்களில் கந்தோர்க் கணினியில் பாடம். ஐயா சீலோடு திரையை நெருங்கியதும் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"ஐயோ சேர், கண்ணாடிங்க அது!"

"அப்ப பாடம் வந்து சேர்ந்ததுக்கு என்ன அத்தாட்சி, பிள்ளை?"

அன்றிலிருந்து பாடங்களை அச்செடுத்து, சீல் குத்தி, கோப்பில் கட்டிப் படித்தார். கணினிப் பரீட்சைக்கு இருபது நிமிடம். ஐயாவோ தாளில் வரைவு எழுதி, சிவப்பு மையால் திருத்தி, நல்ல பிரதி எடுத்த பிறகுதான் விசையைத் தொடுவார். அதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று முறை பெயில்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு இந்தப் பெட்டிக்கு ஆரும் சொல்லேல்லையோ?" என்று மேசையில் குத்துவார்.

பாதிப் பயிற்சியில், அதைப் பற்றிய மதிப்பீட்டுப் படிவம் வந்தது. கணினிப் பாடம் உதவவில்லை என்று மூத்தவர்கள் எழுதினால், மீதிப் பயிற்சி முழுவதும் கொழும்பில், ஒரு மாதம் தங்கி. ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்து வீட்டில் என் எட்டு மாத மகள், தாய்ப்பால் குடிக்கிறவள். பயிற்சிக்குப் போகாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. ஐயா என்ன எழுதுவார் என்பது கந்தோருக்கே தெரியும்.

படிவங்களைச் சேர்த்து அனுப்புவது என் வேலை. அவருடையதைத் திறந்தேன். 'கணினிப் பாடம் மிகவும் பயனுள்ளது. இதே முறையில் தொடர்க. சிரமங்கள்: இல்லை.'

"சேர், நீங்க மூணு தடவ பெயிலாகிட்டீங்களே..."

"அப்பிடி ஒரு கேள்வி படிவத்தில இல்லை." மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "வெளிக்கிடும் பிள்ளை, பஸ் போயிடும். குழந்தை பசியில கிடக்கும்."

பயிற்சி பதுளையிலேயே முடிந்தது. மகள் ஒரு நாளும் என்னைப் பிரியவில்லை. ஐயாவை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும். முப்பது வருட உத்தியோகத்தில் அவர் எழுதிய ஒரே பொய் அது. அதற்கும் சீல் குத்தி, திகதி போட்டு, கையொப்பமிட்டுத்தான் கொடுத்தார்.