நூற்றுக்கு அறுபத்திரண்டு வாங்கிய மாப்பிள்ளை

என் அக்கா ஜெசிந்தாவின் கல்யாணத்தை நான்தான் நடத்தி வைத்தேன் என்று இருபத்தைந்து வருடங்களாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். சுத்தப் பொய். அதைக் கெடுக்க என்னால் முடிந்த அத்தனையையும் செய்தேன். கல்யாணம்தான் எப்படியோ தப்பித்து நடந்தது.

1999ஆம் வருடம். எனக்கு இருபத்திரண்டு வயது. காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். (மவுஸை மேஜை மேல் நகர்த்த வேண்டும், திரையில் வைத்துத் தேய்க்கக் கூடாது. இது முதல் வாரப் பாடம்.) எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் வைத்திருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அந்தக் கர்வத்தில் நான் வாசல் நிலையில் குனிந்து நுழையாததால் இரண்டு தடவை நெற்றி வீங்கியது.

அப்பா கல்லலில் கணக்கு வாத்தியார். அவர் மார்க் போடாத பொருளே உலகத்தில் கிடையாது. அம்மாவின் ரசத்துக்கு ஏழு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கத்துக்கு ஐந்து (நீளத்துக்காக இரண்டு கழித்தது போக). அக்காவுக்கு வரன்கள் வரத் தொடங்கியதும் அவர் சும்மா இருப்பாரா? படிப்பு, வேலை, குடும்பம், குணம், தோற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் இருபது மார்க். ஐந்து மாப்பிள்ளைகளுக்கும் கம்ப்யூட்டரில் அட்டவணை போடச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். தமிழில் தட்ட வசதி இல்லாததால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன். ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதை என் சொந்த நகைச்சுவையால் நிரப்பினேன். அப்பாவுக்குத் தெரியாது.

முதல் ரேங்க் வாங்கிய திண்டுக்கல் பேங்க் ஆபீசர் எங்களை ஃபெயிலாக்கிவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது ரேங்குக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. மூன்றாவது ரேங்க், அறுபத்திரண்டு மார்க், தேவகோட்டை அமல்ராஜ். சிங்கப்பூரில் இன்ஜினியர். லீவில் வந்தபோது மாதா கோயில் திருவிழாவில் அக்காவைத் தூரத்தில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. அவர் போன் பண்ணி, “ஒரு போட்டோ ஈமெயில்ல அனுப்ப முடியுமா?” என்று கேட்டார்.

பத்து நிமிஷ வேலை. அனுப்பியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தது நான்.

“ஈமெயில் எதுக்கு சார்? நம்ம வீட்டுலயே வெப் சர்வர் வைக்கப் போறேன். நீங்க அங்கயிருந்தே எங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்து பாத்துக்கிறலாம்.”

“வீட்டுலயா? காரைக்குடியிலயா?” என்றார் மனுஷன். அந்தக் கேள்வியில் இருந்த மரியாதை இருக்கிறதே, அதுதான் என்னைக் கெடுத்தது.

கம்ப்யூட்டரோடு வந்த சிடியில் அதற்கான மென்பொருள் இருந்தது. போட்டேன். ‘எந்த ஃபோல்டரைக் காட்ட?’ என்று கேட்டது. போட்டோ இருந்த ஃபோல்டரைக் காட்டினேன். எங்கள் வீட்டுச் சமாச்சாரம் அத்தனையும் அந்த ஒரே ஃபோல்டரில்தான் கிடந்தது என்பது அப்போது மனதில் உறைக்கவில்லை. முகப்புப் பக்கம் இல்லாவிட்டால் ஃபோல்டரில் உள்ளதையெல்லாம் பட்டியலாகக் காட்டவா என்று இன்னொரு கேள்வி. கேட்ட எல்லாவற்றுக்கும் சரி சரி என்று டிக் போட்டேன். டிக் போடுவது எங்கள் ரத்தத்தில் உள்ளது.

ஒரு சிக்கல் இருந்தது. இண்டர்நெட்டில் சேர்ந்த பிறகுதான் நம் கம்ப்யூட்டருக்கு ஒரு நம்பர் கிடைக்கும். அந்த நம்பரை அவருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டு போன் இண்டர்நெட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நம்பரைச் சீட்டில் எழுதிக்கொண்டு, தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன்.

“இருநூத்தி ரெண்டு... புள்ளி... அம்பத்தி நாலு... புள்ளி...” என்று கத்தினேன். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். “லாட்டரியா, ஆத்தா?” என்றார்.

அமல்ராஜ், “ஒண்ணும் வரலியே” என்றார்.

வீட்டுக்கு ஓடி வந்தால் அம்மா கையில் ரிசீவரோடு நிற்கிறார். “சித்திகிட்ட பேசலாம்னு எடுத்தேன்டி. உள்ள யாரோ கொய்ங்னு அழுவுறாக!”

அம்மா எடுத்ததில் லைன் அறுந்து போயிருந்தது. மறுபடி இணைத்து, புது நம்பர் எழுதி, “யாரும் போனைத் தொடாதீக!” என்று சத்தம் போட்டுவிட்டு மறுபடி ஓட்டம். புது நம்பரைச் சொன்னதும் பெரியவர் பழையதை அழித்துவிட்டு இன்னொரு கையில் எழுதினார்.

“வந்துருச்சு!” என்றார் அமல்ராஜ். நான் பூத்துக்குள்ளேயே துள்ளினேன். காரைக்குடி சரித்திரத்தில் என் பெயர் ஏறிவிட்டதாகவே நினைத்தேன்.

“ஆனா போட்டோ இல்லியே. ஏதோ லிஸ்ட்டுல்ல வருது?”

போட்டோவைப் போட்டு நான் செய்த முகப்புப் பக்கத்துக்கு வைத்த பெயர் தப்பு; அதனால் பட்டியல் வந்துவிட்டது. “இருங்க சார், அதுல ‘அக்கா’ன்னு இருக்கும், அதை...”

“‘மாப்பிள்ளை மார்க்’னு ஒண்ணு இருக்கே?”

“அதத் தொறக்காதீக!”

“தொறந்துட்டேனே.”

அதற்குப் பிறகு அவர் வாசித்தார். நிறுத்தி நிதானமாக வாசித்தார். “அமல்ராஜ். தோற்றம், இருபதுக்கு எட்டு. குறிப்பு... தலையில் முன்பக்க வயல் காய்ந்துவிட்டது, பின்பக்கம் மட்டும் அறுவடை.” ஒரு மூச்சு விட்டார். “குடும்பம், இருபதுக்குப் பன்னிரண்டு. குறிப்பு... மாப்பிள்ளையின் அம்மா பேச ஆரம்பித்தால் ஸ்டாப்பே இல்லாத பஸ்.”

ரிசீவரை வைத்துவிட்டு ஓடிப் போய் வயரைப் பிடுங்கியிருக்கலாம். தோன்றவில்லை. சிலுவைப்பாதையில் வரும் சொரூபம்போல அசையாமல் நின்றேன். அக்காவை நினைத்தேன். அவள் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் திண்டுக்கல்காரர் வேண்டாமென்ற அன்று அவள் மட்டும் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டது ஞாபகம் வந்தது.

“சார், அதெல்லாம் நான் எழுதுனது. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. சத்தியமா...”

“இரும்மா. அட்டவணைக்கு அடியில ‘ஷீட் ரெண்டு’ன்னு இன்னொரு பக்கம் இருக்கே. இதை யாரு போட்டது?”

“ஷீட் ரெண்டா? அப்படி ஒண்ணும் நான் போடலியே!”

“இதுல என் பேரு மட்டுந்தான் இருக்கு. எல்லாத்துக்கும் இருபதுக்கு இருபது. நூத்துக்கு நூறு.” அவர் குரல் திடீரென்று மாறிப்போயிருந்தது. “குறிப்புல, ‘முடி முக்கியமில்லை’ன்னு போட்டுருக்கு.”

அந்தக் கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டே பேர். ஒருத்தி நான், பூத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா முதலில் என்னைத் தலையணையால் அடித்தாள். பிறகு, “அவுக என்ன சொன்னாக?” என்று கேட்டாள். பிறகு மறுபடி அடித்தாள். அப்பாவிடம் சொல்ல எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை.

அது பெரிய தப்பாகப் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அமல்ராஜின் அப்பாவும் அம்மாவும் தேவகோட்டையிலிருந்து வந்தார்கள். காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதும் அந்த அம்மா கேட்டார், “ஏன் சார், குடும்பத்துக்கு எட்டு மார்க் குறைச்சீகளாமே? நான் பேசுறதுக்கு மட்டும் எத்தனை?”

முப்பது வருடமாக மார்க் போட்ட மனுஷன், கேள்வித்தாள் புரியாத மாணவன்போல எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் கம்பியை எண்ணினேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “மறு மதிப்பீட்டுக்கு வழி இருக்குங்க” என்றார்.

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்கவும் ஒரு ஸ்டாப்பும் இல்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “எம்மகன் போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சான் சார். சம்பந்தின்னா இப்படி ஒரு வீடுதான் வேணும்னுட்டான். எங்க, பொண்ணக் கூப்பிடுங்க” என்றார்.

தை மாதம் கல்யாணம். மணமேடையில் வைத்து என் அத்தான் என் காதில் சொன்ன முதல் வார்த்தை: “சர்வர் ஆஃப்ல இருக்கா?”

எங்கள் இரண்டு குடும்பத்திலும் இன்றைக்கும் ‘ஷீட் ரெண்டு’ என்றால் வெளியே சொல்லாமல் மனதுக்குள் வைத்திருக்கும் ஆள் என்று அர்த்தம். கல்யாணப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் பிள்ளைகளிடம், “ஷீட் ரெண்டுல யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க” என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். போன மாதம் அக்கா மகள் எனக்கு போன் பண்ணினாள்.

“சித்தி, ஷீட் ரெண்டுல ஒருத்தன் இருக்கான். ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன். யாருக்கும் சொல்லிராதீக.”

நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. (இந்தக் கட்டுரையை அக்கா படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.)