மாப்பிள்ளை ரயில் ஓட்டுகிறார்

குய்யாங்,
நடு இலையுதிர்ப் பண்டிகைக்கு மறுவாரம்.

அன்புள்ள தம்பி தேஷானுக்கு, அண்ணன் தேமிங் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் என் முழங்கால் வலியும் நலம். அங்கு நீ காரத்தைக் குறைத்து, வயிற்றோடு சமாதானமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கைபேசியில் தட்டினால் உன் அண்ணி யூஇங் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிடுகிறாள், அதனால்தான் இந்தக் காகிதம்.

விஷயம் இதுதான். நம் பெண் ரோங்ரோங் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளாம். பையன் பெயர் பான் ஜியேன், ஊர் தோங்ரென். குடிப்பதில்லை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறான், எல்லாம் சரி. ஆனால் அவன் அதிவேக ரயில் ஓட்டுகிறான்! நீலக்கொக்கு விமான நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் தலை நரைக்க உட்கார்ந்து அதன் வரலாற்றை எழுதிய என் வீட்டுக்கு ரயில்காரனா மாப்பிள்ளை?

நீலக்கொக்கு எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும், தெரிந்தாலும் சொல்கிறேன். முதலில் இரண்டே இரண்டு இறக்கையில் விசிறி சுழலும் பழைய விமானங்கள், ஏறுகிறவர்களுக்கு மிட்டாயோடு காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் கொடுப்போம், அதையும் சிலர் வாயில் போட்டுக்கொள்வார்கள். பிறகு பிரேசிலில் செய்த ஒல்லிக்குச்சி ஜெட்டுகள் வந்தன, நெட்டையானவர்கள் குனிந்தபடி ஏறி, குனிந்தபடியே இறங்கிப் போனார்கள். இப்போது நம் சீனாவிலேயே செய்த ஜெட்டுகள், வாலில் கொக்குப் படம், என்ன லட்சணம்! பஸ்ஸில் பகல் முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு போன மலையூர்களுக்கெல்லாம் தேநீர் ஆறுவதற்குள் கொண்டுபோய் இறக்கினோம். அப்புறம் இந்த ரயில் வந்தது. மலையைக் குடைந்து வந்து எங்கள் வழித்தடங்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. தோங்ரென்னுக்கு இப்போது ஏதோ பேருக்குத்தான் விமானம் போகிறது. விழுங்கினவன் வீட்டுக்கே பெண்ணையும் கொடுப்பதா?

சரி, சம்பந்தி வீட்டைப் பார்க்கவாவது போவோம், ஆனால் போனால் விமானத்தில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். சாராயப் புட்டிகளைப் பெட்டியில் போட்டு, புதுச்சட்டை மாட்டி, நானும் யூஇங்கும் ரோங்ரோங்கும் வெயிலில் நடந்து படிக்கட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. விமானம் கிளம்பவில்லை. இறங்குங்கள் என்றார்கள். இன்ஜினுக்குள் யாரோ நல்ல சகுனத்துக்காக நாணயம் வீசியிருக்கிறார்களாம். எனக்கு வந்ததே கோபம்! நாணயம் வீசாதீர்கள் என்று நிலையத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பின் வாசகமே நான் எழுதியது. "எந்தப் பட்டிக்காடு பண்ணின வேலை இது?" என்று கத்தினேன். உன் அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கத்தாதீங்க, நான்தான் போட்டேன்."

"நீயா? ஏன்டி, அறிவிப்பைப் படிக்கலியா?"

"நீங்க எழுதினதை நான் என்னைக்குப் படிச்சிருக்கேன்? பொண்ணு கல்யாணம் தடங்கல் இல்லாம நடக்கணும்னு சிவப்புக் காகிதத்துல ஆறு காசு சுத்திப் போட்டேன். இது ஒரு குத்தமா?"

காவலர் வந்தார், வாக்குமூலம் எழுதினார், எச்சரித்து விட்டுவிட்டார். இன்ஜினைத் திறந்து தேட ராத்திரி ஆகும் என்றார்கள். மொத்தப் பயணிகளும் எங்களைப் பார்த்த பார்வையில் நான் கூனிப்போய்விட்டேன். ரோங்ரோங் சொல்லியிருப்பாள் போல, அந்த நேரம் பார்த்து பையன் போன் போடுகிறான்: "மாமா, மதியம் அங்கேயிருந்து என் வண்டிதான் கிளம்புது. வாங்களேன், பத்திரமா கூட்டிட்டுப் போறேன்." தாயும் மகளும் ரயிலேற மறுத்த என்னை அங்கேயே விட்டுவிட்டு ரயிலேறிப் போய், சம்பந்தி வீட்டில் புளிப்பு மீன் குழம்பு சாப்பிட்டு, மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நான் வீட்டுக்கு வந்து வெந்நீரில் நூடுல்ஸ் ஊறவைத்துத் தின்றேன்.

ஆகவே தம்பி, நீ சொன்னால் ரோங்ரோங் கேட்பாள். நீதான் எப்படியாவது பேசி இந்தச் சம்பந்தத்தைக் கலைத்துவிட வேண்டும். உன் வீட்டில் நோய்நொடி இல்லாமல், அடுப்பு அணையாமல் இருக்க வாழ்த்துகிறேன்.

உன் அண்ணன்,
தேமிங்

பின்குறிப்பு: பேசித் தொலைக்காதே! உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது பையனே வந்து நின்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் என் மேஜையில் இருந்த புகைப்படத்தைக் குனிந்து பார்த்து, "இது முதல்ல வந்த ரெண்டு விமானத்துல ஒண்ணா மாமா? அப்புறம் அதை என்ன பண்ணீங்க?" என்றான். இத்தனை வருஷத்தில் உன் அண்ணி கேட்டதில்லை, பெற்ற மகள் கேட்டதில்லை, நீயும் கேட்டதில்லை. சொன்னேன். "அப்புறம்?" என்றான். பிரேசில் ஜெட்டுக்கு வந்தேன். "அப்புறம் மாமா?" யூஇங் சமையலறையிலிருந்து, தப்பித்து ஓடு என்று அவனுக்கு ஜாடை காட்டினாள், அவன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான். நான் இழுப்பறையைத் திறந்து மற்றப் படங்களையும் எடுத்து அவன் முன்னால் பரப்பினேன். இப்போது அவனும் ரோங்ரோங்கும் கூடத்தில் ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். நீ உடனே அவளைக் கூப்பிட்டுச் சொல்: அவள் மனது மாறினாலும் மாறட்டும், இந்த மாப்பிள்ளையை நான் விடுவதாக இல்லை.