கடையை மூடும் விஷயமாக மச்சானுக்கு

யட்டியாந்தோட்டை,
வியாழக்கிழமை.

பேரன்புக்குரிய மச்சான் விஜேந்திரன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை சீதாதேவியைக் கட்டிக்கொண்ட செல்லத்துரை எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அவளும் சுகம். கடைக்குத்தான் சுகமில்லை. இரத்தினபுரியில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் சீதாதேவி பக்கத்தில் நின்று என் பேச்சைத் திருத்துவாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் பார்த்துச் சொன்ன கொழும்புக் கம்பெனிக்கே கடையை ஒன்பது வருடக் குத்தகைக்கு விட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தத்தைக் கையோடு எடுத்து வாருங்கள். முப்பத்தொரு வருடம் நடத்திய பலசரக்குக் கடையை ஏன் மூடுகிறாய் என்று கேட்பீர்கள். என் புத்திசாலித்தனம்தான் காரணம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெரிய சுப்பர்மார்க்கெட் ஒன்று திறந்ததும் எனக்கு நடுக்கம் பிடித்துக்கொண்டது. அவர்களுக்குக் கண்ணாடிக் கதவு என்றால் எனக்கும் கண்ணாடிக் கதவு, அவர்களுக்கு ஏசி என்றால் எனக்கும் ஏசி, தரைக்கு வெள்ளை டைல்ஸ், பிளாஸ்டிக் கூடை, ‘வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்’ என்று மூன்று மொழியில் பலகை. சாரத்தை விட்டுக் காற்சட்டைக்கு மாறி, கழுத்தில் டையும் கட்டிக்கொண்டேன். முதல் நாள் வந்தவர்கள், நீதிமன்றத்தில் எனக்கு என்ன வழக்கு என்று அனுதாபத்தோடு விசாரித்துவிட்டுப் போனார்கள்.

சம்பளச் சனிக்கிழமை தோட்டத்துச் சனம் மழையோடு இறங்கி வந்தது. வெள்ளைத் தரையைப் பார்த்ததும் அத்தனை பேரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார்கள். கோயிலுக்குள் வருவதுபோல் அடக்கமாக உள்ளே வந்தார்களே தவிர, கூடையை ஒருவரும் தொடவில்லை. வரிசையாக மேசைக்கு முன்னால் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பலகையைக் காட்டினேன். றப்பர் பால் வெட்டுகிற மருதாயிதான் எல்லோருக்குமாகப் பேசினாள்.

“என்னங்க மொதலாளி இது? நீங்க எடுத்துக் குடுத்தாத்தானே நாங்க வாங்குன மாதிரி. நாங்களே எடுத்தா களவு எடுக்குற மாதிரில்ல இருக்கு!”

என்ன செய்வது? நானே கூடையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் பின்னாலும் நடந்து, அவர்கள் கை காட்டியதை எல்லாம் எடுத்துப் போட்டேன். மாலைக்குள் டை முதுகுப்பக்கம் போய்விட்டது. வெளியே வந்தால் அங்கே பெரிய சண்டை. நாற்பது சோடிச் செருப்பு, அத்தனையும் நீல வார், யாருடைய கால் யாருடைய செருப்பில் இருக்கிறது என்று தெரியவில்லை. மருதாயி இரண்டும் இடது கால் செருப்பாக மாட்டிக்கொண்டு மலை ஏறினாள்.

இதோடு விட்டதா? கதவு மூடியே இருந்ததால் கருவாட்டு வாசம் வெளியே போக வழியில்லாமல் ஏசியோடு சேர்ந்து கடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் உள்ளேயே இருந்ததில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து ஹாட்வெயார் கடை நஸீம்தான் வந்து சொன்னார்.

“ஒங்கட கடையில சவுக்காரம் வாங்கிக் குளிச்சேன். ஊட்டுப் பூனை ரெண்டு நாளா பின்னாலயே வருது.”

அன்றைக்கே ஏசியை நிறுத்தினேன். கண்ணாடிக்குள் புழுங்கியது. வந்தவர்கள் வியர்த்துப்போய் சுப்பர்மார்க்கெட்டுக்குக் குளிர் வாங்கப் போனார்கள். போனவர்கள் அங்கேயே சாமானும் வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே எல்லாம் கிடைக்கிறது, சிரித்துக்கொண்டே கொடுக்கிறார்கள். நான் சிரித்து உங்கள் தங்கைகூடப் பார்த்ததில்லை. இந்த ஊருக்கு நான் இனி தேவையில்லை, மச்சான். கடையில்லாமல் காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று உண்மையிலேயே பயமாக இருக்கிறது. ஆனாலும் முடிவு முடிவுதான். இன்று காலை யாரிடமும் சொல்லாமல் கடையைப் பூட்டிவிட்டு மாடியில் உட்கார்ந்துவிட்டேன். “ஒங்களால நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்க ஏலாது” என்கிறாள் சீதாதேவி. அவளுக்கு என் மனவுறுதி தெரியாது.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, வியாபாரம் தவிர வேறு எந்தத் தொழிலாவது செய்து நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
செல்லத்துரை (முன்னாள் முதலாளி)

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கீழே இறங்கினால் கடை வாசலில் வெள்ளைக் கொடி பறக்கிறது. இந்தப் பஜாரில் ஒரு கடை சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிக் கிடந்தால் முதலாளி கண்ணை மூடிவிட்டார் என்றுதான் அர்த்தம் என்பதை நான் யோசிக்கவே இல்லை. கொடி கட்டியது நஸீம். தன் கடையையும் மரியாதைக்குப் பூட்டிவிட்டார். எதிரே பேக்கரி வைத்திருக்கும் சிங்களவர் ஐம்பது கதிரை கொண்டுவந்து போட்டிருக்கிறார். மருதாயி அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு இறங்கி வந்து, “எங்க ஆபிஸு பாரமெல்லாம் எழுதி நெரப்பிக் குடுத்த மகராசா, இனி நாங்க யாருகிட்டங்க போவோம்” என்று ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். மாடிப்படியின் மரக்கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டேன். என் அழகைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் கையில் பதினொரு கடிதத்தோடு வந்து நின்றார். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு ஏது நம்பர்? எல்லோரும் கொடுத்திருப்பது என் கடை முகவரி. “அனே முதலாளி” என்று தலையில் கை வைத்தவர், இனி இவற்றை யாரிடம் கொடுப்பது என்று சிங்களத்தில் கேட்டார். நான் சாரத்தோடு கதவைத் திறந்து கையை நீட்டினேன். மருதாயி மயங்கி விழுந்தாள். எழுந்ததும் ஐம்பது கிராம் சீனி கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன்.

மச்சான், ஞாயிற்றுக்கிழமை சும்மா வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஒப்பந்தம் வேண்டாம். செத்தவன் போடும் கையெழுத்து செல்லாது என்று கம்பெனிக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள்.