இடைநில்லா விரைவுவண்டிப் படலம்

வாழ்க அர்த்தனாரி! மின்கம்பம் ஏறுவதில் மந்தியை நாணச் செய்தவரும், நாற்பத்தோர் அகவையிலும் கையகல இரயில் ஓட்டுவதைக் கைவிடாதவரும், அதைப் பொம்மை என்றுரைத்த மைத்துனனோடு ஈராண்டாகப் பேச்சற்றவரும், வாழவந்தி நாட்டு மின்வாரிய லைன்மேனுமாகிய அப்பெருந்தகை, இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டின் மே திங்களில் சோளக்காட்டுக் கல்யாண மண்டபத்தில் ஆற்றிய அரும்போரை உரைக்கப் புகுந்தோம். நினைத்தபோது வந்து நினைத்தபோது போகும் மின்சாரத் தாயே, அரைமணி நேரம் போகாதிருந்து அருள்வாயாக!

தண்டவாளம் என்பது ஏறியே அறியாத கொல்லிமலையில் மாதிரி இரயில் மன்றம் ஒன்று இருந்தது. உறுப்பினர் எழுவர். ஆண்டுக்கொரு கண்காட்சி, கண்காட்சிக்கொரு கோப்பை, கோப்பைக்கு ஒரே விதி: வண்டி அரைமணி நேரம் தடம் புரளாமலும் நில்லாமலும் ஓடவேண்டும். கரிவண்டிக் காலத்தைக் கட்டியாளும் சென்றாயன் வீட்டு டி.வி.மேல் அக்கோப்பை மூன்றாண்டாக வீற்றிருக்க, அர்த்தனாரி வீட்டு டி.வி.மேலோ, துணைவியார் மேனகா அதற்கென்றே பின்னிய பூத்துணி மட்டும் வெறுமையாய்க் கிடந்தது.

"இந்த வருசமும் வெறுங்கையோட வந்தீங்கன்னா, அதுமேல ஊறுகா ஜாடியத் தூக்கி வெச்சிருவேனுங்க" என்று அவ்வம்மையார் வீரத்திலகம் இட்டு அனுப்பினார்.

ஆகவே நம் காவியத் தலைவர் பழமையைத் துறந்தார். எட்டடிக்கு நாலடிப் பலகைமேல் நவீன காலத்தையே நட்டார். சைக்கிள் கம்பிகள் மின்கம்பங்களாய் அணிவகுத்தன, துடைப்பக் குச்சியாலான செல்போன் கோபுரம் முகிலைத் தொடும் நோக்கில் ஓரடி உயர்ந்தது, தீப்பெட்டி எஸ்.டி.டி. பூத் மஞ்சள் ஒளி வீசிற்று. நீல நிற மின் எஞ்சின் ஐந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு நாற்பது நொடியில் ஒரு சுற்று வந்தது. 'சோளக்காடு' என்று பெயர் தாங்கிய நடைமேடையில், புயலுக்கும் அசையா உறுதி பூண்ட களிமண் பயணியர் பன்னிருவர் நின்றனர். அவருள் ஒருத்தி தலையில் மூட்டை சுமந்தாள். அம்மூட்டை ஒரே ஒரு மிளகு.

போர் நாள் புலர்ந்தது. பலகையைத் தலைமேல் தாங்கி, புவியைச் சுமந்த ஆதிசேடனைப் போல் அவர் சாலையோரம் நின்றார். முதல் பேருந்து நிற்கவில்லை. இரண்டாவது பேருந்து வேகம் குறைத்து, பலகையைப் பார்த்து, வேகம் கூட்டியது. அதன் நடத்துநர்மேல் அவர் தொடுத்த சொற்கணைகள் அச்சேறத் தக்கனவல்ல. மூன்றாவதாக மிளகு டெம்போ ஒன்று வந்தது. மூட்டைகள்மேல் அரியணை கொண்டிருந்த பெருமாயி என்னும் விவசாயப் பெண்மணி, "சின்னராசு, நிறுத்துடா! ஆளு நிக்குறது கண்ணுக்குத் தெரியல?" என்று முழங்கினார், ஒரு மூட்டையைத் தம் மடிமேல் ஏற்றிக்கொண்டு பலகைக்கு இடமும் விட்டார்.

மண்டபத்தில் நடுவராய் அமர்ந்தவர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் பூபதி. பச்சைக்கொடி அசைந்தது. வில்லிற் பிரிந்த கணையென வண்டி பாய்ந்தது. பத்துச் சுற்று, இருபது, முப்பது... சென்றாயன் நகம் கடிக்கலானார். இன்னும் பதினைந்தே சுற்று.

மிளகை விற்று முடித்த பெருமாயி அப்போதுதான் உள்ளே வந்தார். வாழ்நாளில் இரயிலைக் கண்டிராத அவர், ஆறு சுற்றுகளைப் பொறுமையாகப் பார்த்தார்.

"ஏனுங்க லைன்மேனே, வண்டி நிக்காதுங்களா?"

"அம்மையீர்! இஃது இடைநில்லா அதிவிரைவு வண்டி! எவ்வூரிலும் நில்லாது! எவர்க்கும் நில்லாது!"

"பின்ன எதுக்குங்க பன்னெண்டு பேரக் காக்க வெச்சிருக்கீங்க? அந்தப் பொம்பள மூட்டைய எறக்கக்கூட இல்லீங்களே!"

இவ்வினா வேலாய்ப் பாய்ந்தது. கூட்டம் கிளர்ந்தது. "போர்டுல நம்மூருப் பேரு! நம்மூர்ல நிக்காதாமா?" என்றது ஒரு குரல். "பஸ்ஸுதான் அப்படின்னா, இரயிலுமா?" என்றது மற்றொன்று. நாற்பத்திரண்டாம் சுற்றில் வண்டி வளைவு திரும்புகையில், மலைச்சாலையில் பழகிய கைகள் அத்தனையும் ஒருசேர நீண்டு மறித்தன. வண்டி சீறிக் கடந்தது. மண்டபம் 'ச்சே' என்றது.

"நின்றால் கோப்பை இல்லை!" என்று நடுவர் அறைகூவினார்.

பெருமாயி குரலை உயர்த்தவில்லை. "காலையில உங்களுக்கு நிறுத்துனப்ப, எங்க வண்டி எக்ஸ்பிரஸுன்னு நான் சொல்லலீங்களே."

அந்தோ! ஒருபுறம் மூன்றாண்டாய் வாய்பிளந்து கிடக்கும் பூத்துணியும், அதன்மேல் எண்ணெய் வழிய எழுந்தருளப்போகும் ஊறுகாய் ஜாடியும், சென்றாயனின் புன்முறுவலும் நின்று தடுக்க, மறுபுறம் வேகம் கூட்டிப் போன பேருந்தின் பின்புறமும், அது கக்கிய புகையில் பலகை சுமந்து நின்ற தம் உருவமும், ஒரு மிளகைச் சுமந்து நாற்பத்துமூன்று முறை ஏமாந்த களிமண் மங்கையும் நின்று அழைக்க, இருபெரும் படைகளுக்கிடையே சிக்கிய தேர்போல் நடுநடுங்கிய அவ்வீரர், இன்னும் ஒரே ஒரு சுற்று எஞ்சியிருக்கையில், கண்களை மூடி, வேகக் குமிழைத் திருகி, மூட்டை சுமந்தவளின் நேரெதிரே பெட்டியின் வாசல் அமையுமாறு, மயிரிழை பிசகாமல் வண்டியை நிறுத்தினார்!

இருபத்தொன்பது நிமிடம் இருபது நொடி. கோப்பை சென்றாயனிடமே தொடருமென அறிவித்தார் நடுவர், கேட்பார் இல்லை. மண்டபமே மூச்சடக்கி நடைமேடையை நோக்கிக் குனிந்தது.

"ஏறு சாமி, வெரசா ஏறு" என்றார் பெருமாயி.

பன்னிரண்டு பேரையும் பசை போட்டு ஒட்டியிருந்ததால் யாரும் ஏறவில்லை.