ஐயம்பேட்டை போய்ச் சேராத கார்

தறியில் உட்காருகிறவன் கையில் ஸ்பேனர் கொடுக்கக் கூடாது. நெய்யும்போது ஒரு இழை அறுந்தால், வீடே தீப்பிடித்தாலும் முதலில் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்போம். அந்தப் புத்தியோடு நான் கார் ரிப்பேர் பார்த்த கதையைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அந்தக் காரில் அம்மா உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வரும்வரை.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா தானே எழுந்து குளித்து, மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"ஐயம்பேட்ட வரிக்கும் போய்ட்டு வந்துடலாம்பா. உங்க சித்தியப் பாக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து தட்டு வைத்து அழைக்காமல் போனில் கூப்பிட்டுவிட்டாள் என்று அம்மா பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. (இரண்டு ஊருக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ரோஷம் ஷேர் ஆட்டோவில் ஏறாது.)

"போன் பண்ணி சித்திய வரச் சொல்லட்டுமாமா?"

"வாணாம். நான்தான பேச்ச வுட்டேன், நானே போவணும். சொல்லாத போய் நிக்கணும்."

என்னுடையது மூன்று கை மாறி வந்த கார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் "ஙொய்ய்ய்" என்று ஒப்பாரி வைக்கும். மாதக்கணக்கில் வைத்துக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்குப் பார்த்து அது எனக்கு அறுந்த இழையாகத் தெரிந்தது.

"இந்தச் சத்தத்தோட போனா மானம் பூடும்மா. அஞ்சே நிமிஷம்."

இப்போது புரிகிறது. அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்க்க எனக்குப் பயம். அம்மாவைச் சரிசெய்ய என்னிடம் ஒன்றும் இல்லை, காரைச் சரிசெய்ய ஸ்பேனர் இருந்தது.

முதலில் பெல்ட்டைச் சந்தேகப்பட்டு அதன்மேல் தண்ணீர் தெளித்தேன். சத்தம் மாறவில்லை, ஆகவே பெல்ட் நிரபராதி. பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பாவைத் திறந்தேன். சிவப்பு ஆயில் நுரை தள்ளிக்கொண்டு இருந்தது. நுரை என்றால் எங்கோ காற்று உள்ளே போகிறது. தடவிப் பார்த்ததில், டப்பாவிலிருந்து பம்புக்குப் போகிற ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. ஆக, நோயைக் கண்டுபிடித்தாயிற்று! கடவுள் என்னை அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கிளிப்பை முறுக்கினேன், இன்னும் கொஞ்சம் முறுக்கினேன், உடைந்துவிட்டது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை எல்லாம் பூட்டு. எங்கள் வீட்டில் எதற்கும் பஞ்சம் உண்டு, பட்டுநூலுக்குப் பஞ்சமில்லை. பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பக்கத்து வீட்டு தாமு எட்டிப் பார்த்தான்.

"இன்னாபா, காருக்குக் காப்பு கட்டிக்கினு இருக்கிற?"

"கல்யாணப் பொடவையே இதுலதான் நிக்குது. ஒரு கொழாய் நிக்காதா?"

டிக்கியில் மிச்சம் கிடந்த ஆயிலை ஊற்றி, காற்று வெளியேற ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருப்பினேன். சத்தம் போயே போய்விட்டது! உள்ளே ஓடினேன். உச்சி வெயில் ஆகியிருந்தது. அம்மா நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள், பொட்டு வியர்வையில் கரைந்திருந்தது.

"ஆச்சாபா?" என்றாள்.

அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினேன். எங்கள் தெருமுனையில் திரும்பும்போது "டப்" என்றது. சூடான ஆயிலில் பட்டுநூல் வழுக்கிக் குழாய் கழன்றுவிட்டது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. நான் அதைக் கட்டிப்பிடித்துத் தொங்கியும், கார் திரும்பாமல் நேராகப் போய் பூக்கடைக் குடையைச் சாய்த்துவிட்டு நின்றது. அடியில் சிவப்பாக ஓடியது.

"ஐயையோ, யார் மேலயோ ஏத்திட்டான்!"

கூட்டம் கூடியது. இறங்கி அடியில் குனிந்து பார்த்ததில் என் வேட்டி முழுக்கச் சிவப்பு. ஒருவர் என்னைப் படுக்கவைத்து முழங்காலை அமுக்கினார், இன்னொருவர் தலையில் சோடாவை ஊற்றினார்.

"ரத்தம் இல்லீங்க, ஆயிலு!" என்று கத்தினேன்.

"பாவம், அதிர்ச்சில ஒளர்றான்பா."

பின்சீட்டில் அம்மா சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். யாரோ ஆட்டோ கூட்டிவந்தார்கள். நான் ஐயம்பேட்டை என்றேன்.

"வூட்டுக்கே போலாம்பா. முடியல. நாளைக்குப் பாத்துக்கலாம்."

மறுநாள் அம்மா எழுந்திருக்கவில்லை. சொல்லியனுப்பி சித்தி வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. இரண்டு நாளில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்தில் சித்தி ஒரு மூலையில் உட்கார்ந்து, "என் மூஞ்சப் பாக்காமலே பூட்டாளே" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். தாங்க முடியாமல் பம்பு கதையைச் சொன்னேன். சோடா வந்த இடத்தில் துக்க வீடே சிரித்தது. சித்தி மட்டும் என்னையே பார்த்தாள்.

"கார்ல ஏறிட்டாளா? இன்னா பொடவ கட்டியிருந்தா?"

சொன்னேன்.

"எதுவரிக்கும் வந்தா?"

எங்கள் தெருமுனை வரைக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. "பஸ் ஸ்டாண்டு தாண்டிட்டோம் சித்தி" என்றேன்.

அதிலிருந்து காதுகுத்தானாலும் கிரகப்பிரவேசமானாலும் "பம்பு கதையச் சொல்லுடா" என்று பிடித்துக்கொள்வார்கள். சொல்லச் சொல்ல கார் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ஊர் எல்லையைத் தாண்டியது. போன பொங்கலுக்குச் சொன்னபோது சித்தி வீட்டுத் தெருமுனையிலேயே குழாய் கழன்றது. உண்மை தெரிந்த தாமுவும் அங்கேதான் இருந்தான், அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்ளோ கிட்ட வந்துட்டு ஒரு ஹாரன் அடிச்சிருக்கக் கூடாதாபா? நானே வெளிய வந்திருப்பனே."